கால் நகமும் கைவைத்தியமும்

திருமயிலையில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், அறுபத்து மூன்று நாயன்மார்களும் பல்லக்குகளில் எழுந்தருளி மாட வீதிகளை வலம் வருகிறார்கள். அவர்களுடைய வரலாறுகளைப் பெரியபுராணத்தின் வழியே நினைத்துப் பார்த்தால், அவற்றுள் சில கால்களின் கதைகளாகவும் இருப்பது புலப்படும். கயிலையை நோக்கி நடந்து நடந்து திருநாவுக்கரசரின் பாதங்கள் தேய்ந்துபோயின. இறைவன் உறையும் மலையைக் காலால் மிதிக்கலாகாது என்று காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து சென்றார். காளத்தியில் கண்ணப்பர், தம்முடைய மற்றொரு கண்ணையும் தோண்டி அப்புவதற்கு முன், இடம் தவறிவிடாதபடி இறைவனின் திருக்கண்ணில் தம் காலை ஊன்றி அடையாளம் வைத்துக்கொண்டார்.

இறைவனின் திருவடியை நாள்தோறும் போற்றும் அடியவர்கள் பலர், தங்கள் காலடியைக் குனிந்து பார்ப்பதே இல்லை. முதுமையில் குனிவது கடினம், கண்ணும் மங்குகிறது. வெறுங்காலுடன் பிராகாரம் சுற்றி, கால் கழுவி, ஈரத்தோடு வீடு திரும்பும் அந்தப் பாதங்களில் என்ன நேர்கிறது என்பது, ஏதேனும் ஒன்று முற்றிய பிறகே தெரிய வருகிறது.

தேனாம்பேட்டையில், எல்டாம்ஸ் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் வசிக்கும் பெரியவர் ஒருவருக்கும் அப்படித்தான் நேர்ந்தது. அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், எழுபதைக் கடந்தவர், பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். பிரதோஷம் தவறாமல் கபாலீசுவரர் சந்நிதிக்குச் செல்வது அவருடைய நெடுநாள் வழக்கம். ஓர் ஐப்பசி மாதத்தில், வலது காலின் கட்டைவிரல் நகம் ஓரத்தில் மஞ்சளாகியிருப்பதை அவர் கண்டார். வலியில்லை, அரிப்பில்லை. ஆகவே பொருட்படுத்தவில்லை. மார்கழிக்குள் நகம் தடித்து, பழுப்பேறி, ஓரங்களில் மாவுபோல உதிரத் தொடங்கியது. தரிசனம் முடிந்து பிராகாரத்தில் நண்பர்களோடு அமரும்போது, அங்கவஸ்திரத்தின் நுனியால் அந்த விரலை மூடிக்கொள்ளும் பழக்கம் அவருக்கு வந்தது.

மூடினாலும் நண்பர்கள் பார்த்துவிட்டார்கள். பிரதோஷத்துக்கு ஒரு வைத்தியம் சொல்லப்பட்டது. முதலாமவர் மருதாணி அரைத்துப் பற்றுப் போடச் சொன்னார். அடுத்தவர் வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவச் சொன்னார். மூன்றாமவர் பச்சைப் பூண்டை நசுக்கி வைத்துத் துணியால் கட்டச் சொன்னார். கடைசியாக ஒருவர், கைபொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, வினிகரும் கல்லுப்பும் கலந்து, அரைமணி நேரம் காலை ஊறவைத்தால் நகச்சொத்தை ஓடிவிடும் என்றார். பெரியவர் ஒவ்வொன்றையும் சிரத்தையோடு செய்து பார்த்தார்.

மாசி மாதத்தில் ஒரு நாள் இரவு, வெந்நீர் ஆறிவிட்டதாக நினைத்து, அடுப்பிலிருந்த நீரை மேலும் கொஞ்சம் வாளியில் ஊற்றிக்கொண்டார். காலுக்கு இதமாக இருந்தது. மறுநாள் காலை, கோலம் போட்டுவிட்டுக் கூடத்துக்குள் வந்த அவருடைய மனைவி, தரையில் ஈரத் திட்டுகள் வரிசையாகப் பூஜை அறைவரை செல்வதைக் கண்டார். "என்னங்க, காலைக் காட்டுங்க" என்றார். உள்ளங்காலில் எலுமிச்சம்பழ அளவில் ஒரு கொப்புளம் எழுந்து, உடைந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. வெந்நீர் பட்டு வெந்துபோனதை அவர் உணரவே இல்லை.

அந்தப் புண் ஆற இரண்டு மாதங்களுக்கு மேலாயிற்று. அவ்வாண்டு அறுபத்து மூவர் உலாவை அவர் தொலைக்காட்சியில்தான் பார்த்தார். நகமோ, இருந்தபடியே இருந்தது.

நகத்தில் குடியேறும் பூஞ்சை

நகச்சுற்று வேறு, நகச்சொத்தை வேறு. நகத்தைச் சுற்றியுள்ள தசை வீங்கிச் சிவந்து, சீழ் கோத்து வலிப்பது நகச்சுற்று. நகமே நிறம் மாறி, தடித்து, உளுத்துப்போவது நகச்சொத்தை. பெரும்பாலும் இதற்குக் காரணம், தோலிலும் முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தை உண்டு வாழும் பூஞ்சைகள். படர்தாமரையை உண்டாக்குவதும், விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணை உண்டாக்குவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. பல வீடுகளில் கதை இப்படித்தான் தொடங்குகிறது: முதலில் விரல் இடுக்கில் தோல் வெளுத்து ஊறிப்போகிறது, அதைக் கவனியாமல் விட, சில மாதங்களில் பூஞ்சை பக்கத்து நகத்தின் அடியில் நுழைகிறது.

முதியோரை இது நாடுவதற்குக் காரணங்கள் உண்டு. வயதானால் நகம் மெதுவாக வளர்கிறது. கால்நுனிக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைகிறது. பழைய அடிகளால் நகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. சர்க்கரை நோய் இருந்தால் பூஞ்சையை எதிர்க்கும் ஆற்றலும் குறைகிறது. ஈரம் இதற்கு உரம். கால் கழுவும் இடத்தில் நனைந்த பாதத்தைத் துடைக்காமல் செருப்பில் நுழைப்பதும், மெட்டி அணிந்த விரலின் அடியில் ஈரம் தங்கிவிடுவதும், சென்னையின் வியர்வையில் நாள் முழுவதும் மூடிய காலணியோடு இருப்பதும் அந்த உரத்தைச் சேர்க்கின்றன.

ஆனால், தடித்து மஞ்சளான நகம் அனைத்தும் பூஞ்சையால் வந்தது அன்று. உருமாறிய நகங்களில் ஏறத்தாழ பாதிதான் பூஞ்சையால் ஏற்பட்டவை என்பது தோல் மருத்துவர்களின் கணக்கு. மீதியில் காளாஞ்சகப்படை இருக்கலாம். பழைய காயம் இருக்கலாம். இறுக்கமான காலணியின் அழுத்தம் இருக்கலாம். வெறும் முதுமையாகவும் இருக்கலாம். நகத்தில் புதிதாக ஒரே ஒரு கருங்கோடு தோன்றி அகலமாகிக்கொண்டே வந்தாலோ, அந்தக் கருமை நகத்தை அடுத்த தோலிலும் பரவினாலோ, அதை நகச்சொத்தை என்று எண்ணி எண்ணெய் தடவிக்கொண்டிருக்கலாகாது. அரிதாக அது தோல் புற்றுநோயின் அடையாளமாக இருக்கக்கூடும். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

திருக்குறளின் மருந்து அதிகாரம், நோய் இன்னதென அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பிறகே அதைத் தணிக்கும் வழியை நாடச் சொல்கிறது. நகத்துக்கும் அதுவே முறை. நகத்துணுக்கையும் அதன் அடியில் உள்ள பொடியையும் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு, நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சையின் இழைகள் தெரியும். எளிய சோதனை, வலியற்றது.

பிரதோஷக் கணக்கு

கைவைத்தியமோ மருந்தோ, எதைத் தொடங்கினாலும் முதலில் அறிய வேண்டியது நகத்தின் வளர்ச்சிக் கணக்கு. கால் நகம் மாதத்துக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளர்கிறது; அதாவது ஒரு பிரதோஷத்துக்கும் அடுத்த பிரதோஷத்துக்கும் இடையே முக்கால் மில்லிமீட்டர். கை நகத்தின் வேகத்தில் இது பாதி. முதியோருக்கு இன்னும் குறைவு. கட்டைவிரல் நகம் அடியிலிருந்து நுனிவரை முழுவதும் புதிதாக வளர 12 முதல் 18 மாதங்கள் ஆகின்றன.

கெட்டுப்போன நகம் எந்த மருந்தாலும் மீண்டும் நல்ல நகமாக மாறுவதில்லை. அடியிலிருந்து நல்ல நகம் வளர்ந்து வந்து, கெட்டதை முன்னே தள்ள வேண்டும். தள்ளப்பட்டதை வெட்டி எறிய வேண்டும். ஆகவே பத்து நாளில் நகம் பளபளக்கும் என்று சொல்லும் எந்த வைத்தியமும் நகத்தின் இயல்பை அறியாதது. பிரதோஷத்துக்கு ஒரு வைத்தியம் மாற்றியவர், எதற்கும் தன்னை நிரூபிக்கக் காலம் தரவில்லை என்பதும் உண்மை.

இந்தக் கணக்கை மருதாணியே காட்டித் தரும். மருதாணியிலுள்ள லாசோன் என்னும் நிறப்பொருள் நகத்தின் கெரட்டினோடு பிணைந்துகொள்கிறது. அதனால்தான் தோலில் பூசியது சில வாரங்களில் மறைந்தாலும், நகத்தில் ஏறிய சிவப்பு நகம் வளர்ந்து வெட்டப்படும் வரை போவதில்லை. ஆடியில் மருதாணி இட்ட பெண்களின் கால் நகத்தில் தைப் பொங்கலன்றும் சிவப்பு எஞ்சியிருப்பது இதனால்தான்.

சொல்லப்படும் வைத்தியங்கள்

மருதாணி: பூஞ்சையை அடக்கும் இயல்பு மருதாணி இலைக்கு உண்டென்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால் கண்ணாடித் தட்டில் வளரும் பூஞ்சை வேறு. நகத்தின் அடியில் ஒளிந்திருக்கும் பூஞ்சை வேறு. நகம் ஒரு கவசம். மேலே பூசும் பொருள் அதைத் துளைத்து அடிவரை செல்வது கடினம். மருதாணியின் நிறம் நோயின் நிறத்தை மூடிவிடுவதால், குணமாகிறதா என்பதும் தெரியாமல் போகும். அரைத்த இலையால் பெரும்பாலோர்க்குத் தீங்கில்லை. கடையில் 'கறுப்பு மருதாணி' என விற்பதில் தலைச்சாயத்தின் ரசாயனம் கலந்திருக்கலாம். அது கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும்.

வேப்பெண்ணெய், மஞ்சள், தேங்காய் எண்ணெய்: நகத்தையும் சுற்றுத்தோலையும் மென்மையாக்கும், வெடிப்பு வராமல் காக்கும். நகச்சொத்தையை இவை முழுவதும் நீக்கியதாக உறுதியான சான்று இல்லை. விரல் இடுக்கில் மட்டும் எண்ணெய் தங்கக் கூடாது; அங்கே ஈரப்பதம் கூடிச் சேற்றுப்புண் பெருகும்.

சீமை அகத்தி: வண்டுகொல்லி என்றும் பெயருள்ள இதன் இலை, படர்தாமரைக்குச் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்படுகிறது, களிம்பாகவும் கிடைக்கிறது. தோலில் உள்ள படைக்கு உதவுவது நகத்துக்கும் அப்படியே உதவும் என்று கொள்ள இயலாது. சித்த முறையில் நம்பிக்கை உள்ளவர்கள், தாமாகச் செய்யாமல் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் புறநோயாளர் பிரிவில் காட்டலாம்.

பச்சைப் பூண்டு, எலுமிச்சை: இவை தவிர்க்கத்தக்கவை. நசுக்கிய பூண்டைத் தோலில் கட்டிவைத்தால், தீப்பட்டதுபோலக் கொப்புளிக்கும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால், வெந்து கருகுவது உண்டு.

தேயிலை மர எண்ணெய்: குடிக்கும் தேயிலைக்கும் இதற்கும் உறவில்லை, இது ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் எண்ணெய். அமெரிக்காவில் 117 பேரைக் கொண்டு ஆறு மாதம் நடந்து 1994இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த எண்ணெயும் குளோட்ரிமசோல் என்ற மருந்துக் கரைசலும் ஏறத்தாழ ஒரே அளவு பயன் தந்தன. நகத்தின் தோற்றம் பாதிக்கு மேற்பட்டோர்க்கு ஓரளவேனும் தேறியது. ஆனால் பூஞ்சை முற்றிலும் நீங்கியவர்கள் இரு பிரிவிலும் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே.

விக்ஸ் வேப்பரப்: தலைவலிக்கும் சளிக்கும் உரிய இதையா என்று வியப்புத் தோன்றலாம். இதிலுள்ள கற்பூரம், மெந்தால், நீலகிரித் தைலம் ஆகியவை பூஞ்சைக்கு ஆகாதவை. 2011இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், 18 பேர் 48 வாரங்கள் நாள்தோறும் இதைத் தடவினார்கள். ஐந்து பேருக்கு நகம் முழுவதும் தெளிந்தது. பத்துப் பேருக்கு ஓரளவு தெளிந்தது. பதினெட்டுப் பேரை மட்டும் வைத்து முடிவு கட்ட இயலாது. ஆயினும் இங்கே கவனிக்கத்தக்கது 48 வாரங்கள் என்பதே.

வெந்நீரும் வினிகரும்: வினிகரின் அமிலம் பூஞ்சைக்கு ஒவ்வாது என்ற எண்ணத்தில் சொல்லப்படுவது. நகச்சொத்தையைத் தீர்ப்பதற்குப் போதிய சான்று இல்லை. நீண்டநேரம் ஊறிய தோல் வெளுத்து விரியும். விரிசல் வழியே கிருமி நுழையும். காலில் உணர்ச்சி குறைந்தவர்க்கு வெந்நீர் எத்தகைய ஆபத்து என்பதற்குத் தேனாம்பேட்டைப் பெரியவரே சான்று.

யார் முயலலாம்?

சர்க்கரை நோய் இல்லாதவர், காலில் உணர்ச்சியும் இரத்த ஓட்டமும் நன்றாக உள்ளவர், நகத்தின் பாதிக்குக் குறைவான பகுதியே பாதிக்கப்பட்டவர் எனில், தீங்கற்ற ஒரே ஒரு கைவைத்தியத்தைத் தேர்ந்துகொண்டு முயல்வதில் தவறில்லை. குளித்தவுடன் நகம் மென்மையாக இருக்கும்போது நேராக வெட்டி, தடித்த மேற்பரப்பை நக அரத்தால் இலேசாகத் தேய்த்துவிட்டுத் தடவ வேண்டும். நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கும் எல்லையில் அரத்தால் ஒரு மெல்லிய கோடு இட்டுக்கொள்ளலாம். எட்டுப் பிரதோஷங்களில் அந்தக் கோடு சுமார் ஆறு மில்லிமீட்டர் முன்னேறியிருக்கும். கோட்டுக்குப் பின்னால் வளர்ந்த நகம் தெளிவாக இருந்தால் வைத்தியம் பலிக்கிறது. மஞ்சள் கோட்டைத் தாண்டி அடிநோக்கி வந்திருந்தால், அதை விட்டுவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவரும், காலில் மரத்தல், எரிச்சல், ஊசி குத்துவதுபோன்ற உணர்வு உள்ளவரும், நடக்கும்போது ஆடுதசை இறுகி வலிப்பவரும் முதலிலேயே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவர்கள் தொகை சிறிதன்று. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவோடு இணைந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதாக மதிப்பிட்டது. இவர்களுக்குத் தடித்த நகம் வெறும் அழகுக் குறை அன்று. அது காலணியில் அழுந்தி அடியிலுள்ள தசையைப் புண்ணாக்கும். பக்கத்து விரலைக் கீறும். வலி தெரியாததால் புண் வளரும். பல கால்களில் விரலை இழக்கும் கதை இத்தகைய சிறு புண்ணிலிருந்தே தொடங்குகிறது.

வேலூர் சொன்ன பாடம்

வலி தெரியாத பாதத்தைப் பற்றி உலகுக்குக் கற்பித்ததில் தமிழ்நாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளர்களின் விரல்கள் அழிவது ஏன் என்று ஆராய்ந்தார். நோய் தசையைத் தின்றுவிடுகிறது என்றே அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். அவர் கண்டது வேறு: நரம்பு மரத்துப்போவதால் வலி தெரிவதில்லை, வலி தெரியாததால், சூடான பாத்திரமும் காலில் ஏறிய முள்ளும் செருப்பின் அழுத்தமும் உண்டாக்கும் காயங்களை நோயாளி கவனிப்பதில்லை, கவனியாத காயங்களே விரல்களைக் கொண்டுபோகின்றன. நாள்தோறும் கைகளையும் கால்களையும் கண்ணால் பார்த்துச் சோதிப்பதும், மென்மையான ரப்பர் அடி வைத்த செருப்பை அணிவதும் அங்கே மருத்துவமாயின. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், அதே பாடம் சர்க்கரை நோயாளரின் பாதத்துக்கும் பொருந்தும் என்று காட்டினார். இன்று சர்க்கரை நோயாளர்க்கு மருத்துவர்கள் எழுதித் தரும் எம்.சி.ஆர். செருப்பில் உள்ளது அந்த நுண்துளை மென்ரப்பர்தான்.

தேனாம்பேட்டைப் பெரியவரின் புண்ணை ஆற்றிய மருத்துவரும் முதலில் நகத்தைப் பார்க்கவில்லை. அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மீன்பிடி நரம்புபோன்ற ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் பத்து இடங்களைத் தொட்டார். மூன்று இடங்களில் மட்டுமே பெரியவர் "தெரிகிறது" என்றார். அருகில் நின்ற மனைவி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரதோஷந்தோறும் இந்தக் கால்களோடுதான் பிராகாரம் சுற்றியிருக்கிறார் என்ற எண்ணம் அவர் கண்களை நிறைத்தது.

மருத்துவர் தரும் வழிகள்

நோய் இலேசாக இருந்தால், அமோரால்ஃபின் போன்ற மருந்து கலந்த நகப்பூச்சுத் தரப்படுகிறது. மாதக்கணக்கில் பூச வேண்டும். நகம் பெரிதும் கெட்டிருந்தால், டெர்பினஃபின் 250 மில்லிகிராம் மாத்திரை நாளுக்கொன்று என்று வழக்கமாக 12 வாரங்கள் தரப்படுகிறது. கல்லீரலின் நிலையை இரத்தப் பரிசோதனையில் அறிந்த பிறகே இதைத் தொடங்குவார்கள். மாத்திரை முடிந்த பிறகும் மருந்து நகத்தில் தங்கி வேலை செய்கிறது. நகம் தெளிய மேலும் பல மாதங்கள் ஆகும். இட்ரகோனசோல் என்ற மற்றொரு மருந்து, இதயச் செயலிழப்பு உள்ளவர்க்கு ஆகாது. கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளோடும் சேராது. ஆகவே, உண்டுவரும் மாத்திரைகள் அனைத்தையும் மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்ட வேண்டும். இத்தனைக்குப் பிறகும் அனைவர்க்கும் முழுக்குணம் கிட்டுவதில்லை; கிட்டியவர்க்கும் திரும்ப வருவதுண்டு.

மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் களிம்புகளில் எச்சரிக்கை தேவை. பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்த களிம்புகள் அரிப்பை உடனே அடக்கும். ஆனால் பூஞ்சை உள்ளூரப் பரவும். இத்தகைய களிம்புகள் மிகுதியாகப் புழங்கும் இந்தியாவில், வழக்கமான மருந்துக்கு மசியாத படர்தாமரைப் பூஞ்சை ஒன்று பெருகியிருக்கிறது. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு இட்ட பெயரிலேயே இந்தியாவின் பெயர் இருக்கிறது: டிரைக்கோஃபைட்டான் இந்தோடினியே.

கோயிலுக்குச் செல்வோர் கவனத்துக்கு

கோயிலில் கால் கழுவியபின் துடைப்பதற்கென ஒரு சிறு பருத்தித் துண்டைப் பையில் வைத்திருக்கலாம். விரல் இடுக்குகளைத் தனித்தனியே ஒற்றி எடுக்க வேண்டும். மெட்டியை இலேசாக நகர்த்தி அதன் அடியையும் துடைக்க வேண்டும். உச்சி வெயிலில் கருங்கல் தரையை மிதிப்பதைத் தவிர்த்து, விடியலிலோ மாலையிலோ வலம் வரலாம். தென்னை நார் விரிப்பு இட்ட பாதையை விட்டு விலகாமல் நடக்கலாம். கால் மரத்தவர்கள், பருத்திக் காலுறையோடு உள்ளே செல்ல இயலுமா என்று கோயில் அலுவலகத்தில் கேட்டு அறியலாம்.

வீட்டில், நோயுற்ற நகத்துக்குத் தனி நகவெட்டி வேண்டும். மற்றவர் அதைத் தொடலாகாது. கால் துடைக்கும் துண்டும் தனியே இருக்கட்டும். செருப்பை அவ்வப்போது வெயிலில் காயவைக்க வேண்டும். அழகு நிலையத்தில் காலைப் பராமரித்துக்கொள்பவர்கள், கருவிகள் கிருமி நீக்கப்பட்டவைதானா என்று தயங்காமல் கேட்க வேண்டும். காலில் ஊற்றும் நீரின் சூட்டைக் காலால் அறிய முயலாமல், உணர்ச்சி நன்றாக உள்ள வேறொருவர் முழங்கையால் தொட்டுப் பார்ப்பது நல்லது. தடித்த நகத்தைப் பிளேடால் சீவுவதும், ஓரத்தைத் தோண்டி எடுப்பதும் கூடவே கூடாது.

இவை அனைத்தினும் முதன்மையான கைவைத்தியம் ஒன்று உண்டு. காசு செலவில்லாதது, பக்க விளைவு இல்லாதது. அது, நாளுக்கொரு முறை பாதத்தைப் பார்ப்பது.

தேனாம்பேட்டை வீட்டில் அதற்கு ஒரு நேரம் குறிக்கப்பட்டது. மாலை விளக்கேற்றியவுடன் பெரியவர் நாற்காலியில் அமர்வார். மனைவி மூக்குக்கண்ணாடி அணிந்து, முதலில் உள்ளங்கால், பிறகு குதிகால், பிறகு ஒவ்வொரு விரல் இடுக்கு என்று பார்ப்பார். தொடக்கத்தில் பெரியவர் கூசினார். "நீ என் காலைத் தொடுவதா?" என்று தடுத்தார். "கல்யாணத்தன்று அம்மி மிதிக்கும்போது நீங்கள் என் காலைத் தொட்டீர்களே. கடன் தீர்க்க வேண்டாமா?" என்று கேட்டு அவர் வாயை அடைத்துவிட்டார் அம்மையார்.

புண் ஆறிய பிறகு நகம் சோதிக்கப்பட்டது, பூஞ்சை உறுதியாயிற்று, கல்லீரல் நன்றாக இருந்ததால் 12 வாரம் மாத்திரை தரப்பட்டது. பிரதோஷத்துக்குப் பிரதோஷம் முக்கால் மில்லிமீட்டராகத் தெளிவு ஏறியது. அடுத்த பங்குனி வந்தபோது, நகத்தின் மூன்றில் இரண்டு பங்கு நல்ல நிறம் பெற்றிருந்தது. நுனியில் பழைய மஞ்சள் இன்னும் எஞ்சியிருந்தது.

அறுபத்து மூவர் நாளில் ஒரு தயக்கம் எழுந்தது. வெறுங்காலுடன் வெயில் காய்ந்த தெருவில் நிற்கலாகாது என்பது மருத்துவரின் கண்டிப்பு. சுவாமி எதிரில் வருகையில் செருப்போடு நிற்பதற்குப் பெரியவரின் மனம் ஒப்பவில்லை. "இந்த ஆண்டும் தொலைக்காட்சியிலேயே பார்த்துவிடுகிறேன்" என்றார்.

அம்மையார் எம்.சி.ஆர். செருப்பை எடுத்துவந்து அவர் முன்னே வைத்தார். "கண்ணப்பர் சந்நிதிக்குள்ளேயே செருப்புக் காலோடுதானே நின்றார். சுவாமி அவரைப் போகச் சொல்லவில்லையே" என்றார்.

அன்று பிற்பகல் இருவரும் வடக்கு மாட வீதியில் ஓர் ஓரமாக நிழலில் நின்றார்கள். பல்லக்குகள் வரிசையாக வந்தன. கைகூப்பி நின்ற பெரியவரின் கட்டைவிரலை அன்று அங்கவஸ்திரம் மூடவில்லை.